மெல்லச் செலுத்தும் வித்தை

துவிசக்கர வண்டியை விரைந்து செலுத்துவதில் மாணாக்கப் பருவத்தில் எமக்கிருந்த கர்வம் கொஞ்சமன்று. கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்கே பரிசு என்னும் மெதுவோட்டப் பந்தயத்தில் மாத்திரம், மூன்று கஜம் செல்லுமுன்னரே காலை ஊன்றி வெளியேறினோம். அது வயோதிகருக்குரிய வித்தை என்று நண்பரிடம் பரிகசித்தோம்.

அவ்வருஷமே, சந்தைத் தெருவில் கீரைக் கூடையுடன் குறுக்கே வந்த ஓர் அம்மையாரைக் கண்டு முன் பிரேக்கை இறுகப் பிடித்தோம். பின்சக்கரம் எழும்பிற்று, வண்டியும் யாமுமாக அவர்மேல் வீழ்ந்தோம். அவர் மணிக்கட்டு முறிந்தது. “தம்பி, உனக்கு அடி ஒன்றும் படவில்லையே?” என்று கேட்டார். கையிலிருந்த சில்லறையைக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு விரைந்தோம். அவர் பெயரைக்கூடக் கேட்டோமில்லை.

அமெரிக்க தேசத்துச் சியாட்டில் நகரப் போலீஸாரைப் பற்றி அண்மையில் வாசித்தபொழுது அவ்வம்மையார் நினைவுக்கு வந்தார். அங்கே 1987ஆம் வருஷத்தில், பஸ்கள் செல்லுதற்கு நிலத்தடியில் சுரங்கம் தோண்டப்பட்டமையால், நகரின் நடுவீதிகளில் மோட்டார்கள் நகரமாட்டாமல் நின்றன. ஆகவே போலீஸார் இருவர் சைக்கிளேறி ரோந்து செல்லத் தொடங்கினர். அவ்வழக்கம் பின்னர்ப் பல நகரங்களுக்கும் பரவிற்று.

இத்தகைய ரோந்துக்குரிய பயிற்சியில் விரைவினும் மெதுவே அருமையான பாடம். தரையில் நெருக்கமாக வைத்த கூம்புகளினிடையே, கால் ஊன்றாமல், நடப்பவனிலும் மெதுவாக வளைந்து வளைந்து செல்லல் வேண்டும். கூம்பை நோக்கினால் சக்கரமும் கூம்பையே நாடும். ஆதலின் செல்லவேண்டிய இடத்தையே நோக்குமாறு கற்பிக்கின்றனர். சடுதியில் நிறுத்துங்கால், உடலை ஆசனத்துக்குப் பின்னே தள்ளி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தல் வேண்டும். அன்று யாம் அறியாதிருந்தது இதுவே. படிக்கட்டில் இறங்குங்காலும் உடல் பின்னே செல்லவேண்டும். ஜனக்கூட்டத்திற் குழந்தைகளும் முதியோரும் இருப்பராதலின், இவற்றில் தேறாதவரை வீதிக்கு அனுப்புதல் தகாது.

சைக்கிள் போலீஸ் முற்றிலும் புதியதன்று. 1895ஆம் வருஷத்தில், தியோடோர் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் போலீஸ் கமிஷனராயிருந்த காலத்தில் அமைந்த சைக்கிள் படையின் வேலைகளுள் ஒன்று, அளவு கடந்த வேகத்தில் சைக்கிள் விடுவோரைத் துரத்திப் பிடிப்பது. அந்நகரிற் பிறந்திருப்பின் யாமும் அகப்பட்டிருப்போம்.

சென்ற வாரம் எம் வீட்டு முற்றத்தில் நான்கு பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து முயன்று பார்த்தோம். இரண்டைக் கடந்தாயிற்று. மூன்றாவது தொட்டியிற் கண் சென்றது, சக்கரமும் சென்றது.