குளிர்பெட்டியில் உறங்கிய செடி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒகையோ மாநிலத்தில், சிற்றூர்ப் பங்கு ஒன்றில் நாம் அருள்பணி ஆற்றிய நாள்களில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முதியோர் இல்லத்திற்குச் செல்லுமுன் கையகலத் தொட்டி ஒன்றை எம்மிடம் ஒப்படைத்தார். அதில் இருந்தது, பள்ளிப் பாடநூல்களில் டயோனியா என்று படிக்கிறோமே, அந்த வீனஸ் பூச்சிப்பொறிச் செடி. பதினொரு குளிர்காலங்கள் தம்மோடு வாழ்ந்தது என்றார். பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றும் கொடுத்தார். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றவேண்டும், உரம் இடக்கூடாது, நவம்பரில் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும்.

முதல் இரண்டையும் பிழையின்றிக் கடைப்பிடித்தோம். மூன்றாவதைப் படித்தபோது, முதுமையின் விநோதம் என்று நகைத்து ஒதுக்கினோம். உயிருள்ள ஒன்றைப் பாலுக்கும் முட்டைக்கும் நடுவே இருட்டில் அடைப்பதா? வெயில் நாட்டில் பிறந்த எமக்குக் குளிர் என்பதே துன்பம். செடிக்கும் அவ்வாறே என்று எண்ணி, வெப்பமூட்டியின் அருகே, விளக்கொளியில் வைத்துக் காத்தோம். டிசம்பரிலும் அது பசுமையாக நின்றது. போதாக்குறைக்கு, அதனைத் தளராத விசுவாசத்தின் அடையாளமாக்கித் திருவருகைக் காலத்தில் மறையுரை ஒன்றும் நிகழ்த்தினோம். மக்கள் பாராட்டினார்கள்.

அடுத்த கோடையில் இலைகள் சிறுத்து வெளிறின. ஈ வந்து அமர்ந்தாலும் பொறிகள் மூடத் தயங்கின. இரண்டாம் குளிர்காலம் முடியுமுன் கிழங்கு அழுகி, கை பட்டதும் பிரிந்து வந்தது.

பிறகுதான் நூல்களைத் தேடினோம். இச்செடியின் தாயகம் உலகிலேயே ஒன்றுதான்: வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளி, அதிலும் பெரும்பாலும் வில்மிங்டன் நகரைச் சுற்றிய ஈரநிலங்கள். 1759இல் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் இதனைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1875இல் டார்வின் தம் பூச்சியுண்ணும் தாவரங்கள் நூலில் வியந்து போற்றினார். (2014 முதல் வட கரோலினாவில் இதனைக் காட்டிலிருந்து திருடுவது கடுங்குற்றம்.) அங்கே கோடை வெப்பமானது, குளிர்காலமோ மிதமானது, சில இரவுகளில் மட்டும் உறைபனி. பகல் குறுகும்போது செடி தன் பொறிகளைக் கருகவிட்டு, தரையோடு ஒட்டிய சிற்றிலைகளுடன், மண்ணுக்குள் கிழங்காய் ஒடுங்கி மூன்று நான்கு மாதம் உறங்கும். அவ்வுறக்கத்தை மறுத்தால் ஓராண்டு தாங்கும்; பின்னர் சேமித்த வலிமையெல்லாம் செலவழித்து மடியும். ஒகையோவிலோ வெளியே வைத்தால் சிறு தொட்டி முழுதும் உறைந்துபோகும். உள்ளே வைத்தால் உறக்கமே வராது. இரண்டுக்கும் இடைப்பட்ட, நான்கு பாகை செல்சியஸ் அளவிலான கரோலினாக் குளிர், எமது குருமனையில் ஓரிடத்தில்தான் இருந்தது. அந்த அம்மையார் பித்துப் பிடித்து எழுதவில்லை.

பூச்சியுண்ணும் செடி எல்லாவற்றிற்கும் இது பொருந்தும் என்று யாரும் கொள்ளவேண்டாம். மேகாலயாவின் குடுவைத் தாவரத்திற்கு இவ்வுறக்கம் இல்லை. நம் நீலகிரிப் புல்வெளிகளில் வளரும் அழுகண்ணி இனம் ஒன்று, குளிருக்கு அன்று, வறட்சிக்கு அஞ்சிக் கிழங்காய் ஒடுங்குகிறது.

ஏழாம் ஆண்டில் நிலம் ஓய்ந்திருக்கவேண்டும் எனக் கூறும் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தவர்கள்தாம் நாம். அவ்வோய்வு உழவன் நிலத்திற்குக் காட்டும் சலுகை அன்று, நிலத்திற்கே உரியது என்பது அப்போது உறைக்கவில்லை.

அம்மையாரிடம் சொல்லத்தானே வேண்டும்? மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் சென்ற ஒரு வெள்ளியன்று சொன்னோம். “குளிர்பெட்டியில் வைத்தீர்களா, ஃபாதர்?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். நெடுநேரம் சன்னலைப் பார்த்திருந்தார். பிறகு, கடைகளில் கிடைக்கிறது, இன்னொன்று வாங்குங்கள் என்றார். குரலில் கனிவு இல்லை. இருந்திருந்தால் எமக்கு இன்னும் வலித்திருக்கும்.

வாங்கினோம். அக்டோபரில் பூச்சி கொடுப்பதை நிறுத்தி, குளிர்ந்த தாழ்வாரத்திற்கு மாற்றினோம். நவம்பர் இறுதியில் செடியைத் தொட்டியினின்று எடுத்து, கருகிய இலைகளைக் கத்தரித்து, பூஞ்சணம் பிடியாதிருக்கக் கந்தகத் தூள் தூவி, பிழிந்த ஈரப்பாசியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டுக் காய்கறி அறையில் வைத்தோம். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது போதும் என்பது விதி. நாமோ முதல் மாதத்தில் எட்டு முறை திறந்தோம். ஒவ்வொரு முறையும் அது செத்ததுபோலவே கிடந்தது.

சனவரியில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். மார்ச்சு முதல் வாரத்தில் செடியை மீண்டும் நட்டு வெயில்படும் சன்னலில் வைக்க, சில வாரங்களில் சுருண்ட தளிர் ஒன்று எழுந்தது. பாஸ்கா மறையுரைக்கு இதனினும் எளிதான உவமை எங்கே கிடைக்கும்? ஆனால் செடி சாகவில்லை, உறங்கியது, அவரோ இறந்தார். முன்னர் ஒருமுறை அச்செடியை வைத்துப் பிழையாகப் பேசியவர்கள் நாம். அவ்வாண்டு அதனைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

தாயகம் திரும்பிய நாளில் தொட்டியைப் புதிய பங்குத்தந்தையிடம் ஒப்படைத்தோம். பென்சில் சீட்டைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி, மூன்றாவது வரியின்கீழ் இரண்டு கோடு இழுத்துவிட்டு வந்தோம்.