கோரைக்கிழங்கும் என் எக்செல் ஷீட்டும்

பி.காம் மூன்றாம் வருஷம் 45 நாள் இன்டர்ன்ஷிப் போகணும். வகுப்பில் பாதிப் பேர் ஆடிட்டர் ஆபீஸ், மீதிப் பேர் பேங்க். எனக்குக் கிடைத்தது, தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம். (சித்தப்பா சிபாரிசு. சிரிக்காதீங்க.) பில் எழுதச் சொல்வாங்கன்னு நினைச்சுப் போனேன். மூணாம் நாளே முதலாளி, "சூப்பர்வைசர் லீவு, நீ போய் சைட்டைப் பார்த்துக்க" என்று கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஆபீஸ் வளாகத்துக்கு அனுப்பிவிட்டார்.

புல்தரை போடவேண்டிய இடம் சுமார் 6,000 சதுர அடி. ஒரு மேஸ்திரி, எட்டு ஆட்கள். முதலில் தரையைக் கொத்திக் களையெடுக்கணும். அப்புறம் செம்மண், மணல், மக்கிய சாணி உரம் கலந்து பரப்பி, மட்டம் பார்த்து, புல் துண்டுகளைப் பதித்து, ரோலர் ஓட்டணும்.

லீடர் ஆயாச்சு. என்ன செய்யறது? படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. 1911-ல் புத்தகம் போட்ட டெய்லர், இரும்பு ஆலையில் ஆட்கள் ஷவலில் அள்ளுவதை ஆராய்ந்து, ஒரு தடவைக்கு 21 பவுண்டு அள்ளினால்தான் ஒரு நாளில் அதிக வேலை நடக்கும்னு சொன்னாரே, அது! நானும் டேப்பை எடுத்து, ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று தினமும் அளந்து எக்செல்லில் போட்டேன். கலர் எல்லாம் கொடுத்து.

ஏழு பேர் பச்சை. ஒருத்தர் மட்டும் சிவப்பு. ஐம்பத்தஞ்சு வயசிருக்கும், எல்லாரும் பெரியக்கான்னு கூப்பிடுவாங்க. மத்தவங்க மண்வெட்டியால் கொத்திக்கிட்டே போக, இவர் ஓரமா உட்கார்ந்து களைக்கொத்தால் நோண்டிக்கொண்டே இருந்தார். மத்தவங்க செய்ததில் மூணில் ஒரு பங்குகூட வரலை.

"கொஞ்சம் வேகமாச் செய்யுங்கம்மா."

"கோரை இருக்குதுங்க சார்."

இருந்தா கொத்த வேண்டியதுதானே, என்று நினைத்தேனே தவிர என்ன ஏதென்று கேட்கவில்லை. சனிக்கிழமை ஷீட்டை முதலாளிக்கு அனுப்பினேன். "திங்கக்கிழமையிலிருந்து அந்தம்மா வேண்டாம்" என்று மேஸ்திரிக்கு போன் வந்தது. மேஸ்திரி அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் யாரும் என்னை டீக்குக் கூப்பிடலை.

புல் பதித்து பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்த்தால், புல்லுக்கு மேலே ஈட்டி ஈட்டியாக முளைத்து நிற்கிறது கோரை. பெரியக்கா உட்கார்ந்திருந்த ஓரம் மட்டும் சுத்தம்.

அப்புறம்தான் மேஸ்திரி விளக்கினார். கோரைக்கு உயிர் கிழங்கில். நூல் மாதிரி தண்டில் கிழங்கோடு கிழங்கு கோத்து மண்ணுக்குள்ளே ஓடும். பிடுங்கினால் இலைதான் கையோடு வரும். மண்வெட்டியால் கொத்தினால் நூல் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியா முளைக்கும். அதாவது, என் பச்சைக் கட்டமெல்லாம் கோரை விதைத்த கணக்கு!

"தெரிஞ்சும் ஏண்ணா சொல்லலை?"

"நீங்கதான் டேப்பப் புடிச்சு அளந்தீங்களே தம்பி. அடி குறைஞ்சா வேலை போயிருமுன்னு ஆளாளுக்கு ஓடுனாங்க."

ஃபயோலின் 14 கோட்பாடுகளில் கடைசி, குழு உணர்வு. அதை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். ஒண்ணா வேலை பார்த்த எட்டுப் பேரை எட்டு வரிசையாப் பிரிச்சுப் போட்டதும் நான்தான்.

முதலாளியிடம் போய், தப்பு என் ஷீட்டில் என்று சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேஸ்திரியோடு பெரியக்கா வீட்டுக்குப் போனேன். இடைப்பட்ட நாட்களில் அவருக்கு வெளியே நாலு நாள்தான் வேலை கிடைத்திருந்தது. "கூட ரெண்டு பேரு வேணும். அளக்கக் கூடாதுங்க" என்றார். போன கூலியை நிறுவனம் தராது. என் ஸ்டைபெண்டிலிருந்து கொடுத்தேன். 'வேண்டாம் சார்' என்பார், கண் கலங்குவார் என்று உள்ளுக்குள் ஒரு சினிமா ஓடியது. அவர் நிதானமாக எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

புல்லைப் பாய் மாதிரி தூக்கி, கிழங்கெடுத்து, திரும்பப் பதிக்க அஞ்சு நாள் ஆச்சு. நானும் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்கத் தோண்டி நான் முடித்தது ஒரு கட்டில் அளவு இருக்கும். பெரியக்கா வந்து பார்த்தார். என் இடத்தில் கைவிட்டு ஏழெட்டுக் கிழங்கை எடுத்துப் போட்டார்.

"அப்படியில்ல கண்ணு. நூலப் புடிச்சுக்கிட்டே போகோணும். தள்ளி உக்காரு."