பல்லுக்காக ஒரு பயணம்

கொச்சிக்கு வடக்கே, இடப்பள்ளிக்கும் ஆலுவாய்க்கும் இடையில் அமைந்தது களமசேரி. ரயிலில் விரைவோர் கண்ணுக்கு அது ஒரு சிறு நிலையம். இறங்கி நடப்போருக்கோ தொழில் நகரம். அருகே ஏலூரில், பெரியாற்றங்கரையில், 1947-இல் உற்பத்தி தொடங்கிய ‘ஃபாக்ட்’ உரத் தொழிற்சாலையை நிறுவ முன்னின்றவர்கள் திருச்சிச் சேஷசாயி சகோதரர்கள். அன்றுமுதல் நம்மவர் பலர் பிழைப்பு நாடி இப்பக்கம் வந்தவண்ணம் இருக்கின்றனர்.

என் அண்டை வீட்டு இளைஞனும் அவ்வாறு வந்தவனே. தேனிப் பக்கத்தவன், பட்டறை ஒன்றில் கடைசல் வேலை. அவன் அன்னை அன்போடு அனுப்பிய பொருள்விளங்கா உருண்டையைக் கடித்தபோது முன்பல்லின் ஓரம் பெயர்ந்துவிட்டது. “தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன், அண்ணே” என்றான். தீபாவளிக்கோ இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் கையால் வாயை மறைத்துப் பேசும் பழக்கமும் வந்துவிட்டது.

அந்தச் சொல் எனக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் கடைவாய்ப்பல் விண்டபோது, ரயில்வே மருத்துவ அட்டை கையிலிருந்தும், “பொங்கலுக்கு ஊரில் பார்ப்போம்” என்று சோம்பியிருந்தேன். பொங்கல் வருமுன் சீழ் வந்தது, பல்லும் போயிற்று. பல் போனால் சொல் போகும் என்பர். எனக்கு உறக்கமும் போயிற்று. ஆகவே தம்பியை வற்புறுத்தி, ஓய்வு நாளொன்றில் அழைத்துச் சென்றேன்.

எச்.எம்.டி. தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் அப்பகுதியில்தான் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. முன்பு கூட்டுறவுத் துறையில் இருந்த அதனை 2013-இல் கேரள அரசு ஏற்றுக்கொண்டது. வழிநெடுகத் தம்பிக்கு இரண்டு கவலைகள்: ஒன்று பணம், மற்றொன்று மொழி. இரண்டாவது சீட்டு வாங்கும் இடத்திலேயே தீர்ந்தது. மலையாளத்திலும் பல் ‘பல்லு’தான், வலி ‘வேதனை’தான். “பல்லு பொட்டி” என்று நான் சொன்னதும் பல் மருத்துவப் பகுதிக்கு வழி காட்டினர்.

பல்லைச் சோதித்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பல்லின் வெளிப்போர்வை எனாமல், அதனுள் டென்டின், நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் கூடிய கூழ். எனாமல் மட்டும் பெயர்ந்தால் வேலை எளிது. டென்டின் வெளிப்பட்டால் குளிர்ந்த நீர் பட்டதும் கூசும். கூழ் வரை சென்றால் வேர்ச் சிகிச்சையும் உறையும் தேவைப்படும்; நாளும் பணமும் பலமடங்காகும். தம்பிக்குக் கூச்சம் இருந்ததேயன்றிக் கூழ் தப்பியிருந்தது. பெயர்ந்த துண்டை அவன் காகிதத்தில் மடித்து வைத்திருந்தான். அதை அன்றே பாலிலோ தூய நீரிலோ இட்டுக் கொண்டுவந்திருந்தால், ஒருவேளை அதையே ஒட்டியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

பின்னர் ஓர் அமிலக் களிம்பைத் தடவிக் கழுவி, பல்லின் நிறமுடைய பிசினைச் சிறிது சிறிதாக வைத்து, நீல ஒளியால் இறுகச் செய்தார். அமிலத்தால் எனாமலைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்பதை 1955-இல் அமெரிக்காவில் புவோனகோர் என்பவர் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியின் பயன் இன்று கடைசல் பட்டறைத் தொழிலாளியின் வாய்வரை வந்திருக்கிறது. தம்பிக்கு ஆன செலவு, அவனுடைய ஒரு நாள் கூலிக்குள் அடங்கிற்று.

எல்லாப் பல்லும் ஒரே அமர்வில் சீராகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெருஞ்செலவு என்று கேட்டவுடன் அஞ்சி ஒதுங்க வேண்டா. எது உடனே செய்யவேண்டியது, எது பொறுக்கும் என்று மருத்துவரையே கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் சிகிச்சை செய்வதுண்டு. 1953-இல் சென்னையிலும் 1959-இல் திருவனந்தபுரத்திலும் தோன்றிய அரசுக் கல்லூரிகள் இவ்வகையில் ஏழைகளுக்குத் துணை நிற்கின்றன. கோட்டயத்திலும் ஒன்று உண்டு.

பிழைக்க வந்த ஊரை நாம் வேலைக்கு மட்டுமே உரியதாகக் கருதுகிறோம். நோயையும் நோவையும் சொந்த ஊருக்கென்று சேமித்து வைக்கிறோம். பணத்தைச் சேமித்தால் வட்டி நமக்கு வரும். நோவைச் சேமித்தாலோ வட்டியை நாமே கட்டவேண்டும்.

திரும்பும் வழியில் தம்பி கைபேசியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, நெடுநாளைக்குப்பின் வாயை மறைக்காமல் சிரித்துச் சொன்னான்: “அண்ணே, அம்மாவிடம் மட்டும் உருண்டையைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள்.”