கரும்பேந்திய முருகனும் காலியாகும் வெனிஸும்

பெரம்பலூர்ப் பக்கம் போனால், செட்டிகுளம் மலைக்கோயிலைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இங்கே தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிறார். ஊருக்குள் ஏகாம்பரேஸ்வரர் கோயில். அங்குள்ள குபேரர் சிற்பங்கள் பிரபலம். மலை மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் வயல்கள். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மண் இது. அறுவடை முடிந்ததும் வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காப்பார்கள்.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. அன்றைய 32 மாவட்டங்களில் இதுதான் கடைசி. அதற்காக வருந்த வேண்டாம்! கொலம்பஸின் ஊரான இத்தாலியின் ஜெனோவாவிலும் ஏறக்குறைய இவ்வளவு பேர்தான். ரோமில் சுமார் 27 லட்சம், மிலனில் 13 லட்சம். பத்து லட்சத்தைத் தாண்டிய இத்தாலிய நகரங்கள் இவை இரண்டு மட்டுமே.

ஆனால் வெனிஸ் கதை வேறு. கால்வாய்களுக்கு நடுவிலுள்ள பழைய நகரில் 1951-இல் சுமார் 1.75 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000-க்கும் குறைவு. சுற்றுலாக் கூட்டம் பெருகப் பெருக, வீட்டு வாடகையும் ஏறியது, ஊர்க்காரர்கள் வெளியேறினார்கள். மிச்சமிருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியில் எண் பலகையே வைத்திருக்கிறார்கள்.

நம் கிராமங்களில் அப்படிப் பலகை இல்லை. பூட்டிய வீடுகள் இருக்கின்றன. பங்குனி உத்திரத் தேருக்கு வரும் பிள்ளைகள், தேர் நிலைக்கு வந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். வெங்காயம் நடவும் அறுக்கவும் ஊரில் ஆள் வேண்டுமே!

செட்டிகுளம் போனால் சாமி கும்பிட்டதோடு திரும்பாமல், விவசாயியிடமே இரண்டு கிலோ வெங்காயம் வாங்கி வாருங்கள். ஒரு குடும்பம் ஊரிலேயே இருக்க அதுவும் ஒரு காரணமாகலாம்.