முன்பணம் கொடுக்கும்முன் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள்

கலிபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களே, சமையலறையை இடித்துக் கட்ட ஆள் வந்தால் முதலில் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். மாநில கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியத்தின் தளத்தில் அதைத் தட்டினால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, 25,000 டாலர் பாண்ட் உண்டா, எல்லாம் தெரிந்துவிடும். மின்வேலைக்கு சி-10 லைசென்ஸ், பிளம்பிங்குக்கு சி-36 லைசென்ஸ். அதை வாங்கக் குறைந்தது 4 வருட வேலை அனுபவம் வேண்டும், சும்மா கிடைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த குடும்பம் பாதிப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டது. வந்தவர் சிங்க்கைக் கழற்றிப் போட்டதோடு சரி, ஆளைக் காணோம். குளியலறைக் குழாயில் பாத்திரம் கழுவினார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது.

வீட்டு வேலைக்கு முன்பணம் பொதுவாக 1,000 டாலர் அல்லது 10 சதவீதம், எது குறைவோ அவ்வளவுதான் வாங்கலாம். லைசென்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்த பணத்தை வழக்குப் போட்டுத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.