சாவு இல்லாமல் ஒலித்த பறை



2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்த பிறகுதான் நம்மில் பலருக்கும் 'தெருக்குரல்' அறிவைத் தெரியும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், 19 பேரில் ஒருவராக அவர் மேடையேறினார். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி அது. பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த 'சாதியற்றவர்' என்ற அடையாளத்திலிருந்து பிறந்த பெயர்.

கிட்டார், டிரம்ஸ், ராப் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த மேடையின் உயிர் பறையும், சட்டியும், கட்டமோளமும், கானாவும்தான். இவை எல்லாமே சாவு வீட்டோடு கட்டிப்போடப்பட்டிருந்தவை. அன்று அங்கே யாரும் சாகவில்லை. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றிப் பாடினார்கள். குழுவின் ஒரே பெண்ணாக இசைவாணி கானா பாடினார்.

காரைக்காலில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தில் அந்தக் காணொளியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, சாவு இல்லாமலே அடிக்கிறாங்களா?" அவனுடைய அப்பா பறையடிப்பவர். பறையைச் சாக்கில் சுற்றித்தான் தெருவைத் தாண்டி எடுத்துப்போவார். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது மகனின் கட்டளை.

நாங்கள் வெட்கப்பட்ட இடமும் அதுதான். சமூகவியல் படித்த திமிரில் அந்த அப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்: "பறையைத் தூக்கிப் போடுங்க. அது அடிமைத்தனம்." இயக்கம் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஊர் கூப்பிட்டால் போயே ஆகவேண்டும், மறுத்தால் அடி என்ற நிலையில், அடிக்க மறுப்பதே விடுதலை. இன்றும் அப்படி மறுப்பவர் பக்கம்தான் நாங்கள் நிற்கிறோம். ஆனால் அவர் கைகளுக்குள் இருந்த தாளத்தையும் சேர்த்து இழிவு என்று சொல்லிவிட்டோமே! எங்கே, யாருக்காக அடிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கீழ்ப்பாக்கத்தில் அதை அடித்தவர்களே முடிவு செய்தார்கள்.

எங்கள் ஊரின் மாங்கனித் திருவிழா ஊரறிந்தது. திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் அங்கே முழங்கும் வாத்தியங்களையும் பாடிய காரைக்கால் அம்மையாருக்கு எடுக்கும் விழா. அந்தத் திருவாலங்காடு, அறிவின் ஊரான அரக்கோணத்துக்குப் பக்கம்தான். சுடுகாட்டைப் பாடியவருக்கு ஊர் கூடி விழா எடுக்கிறது. சுடுகாட்டில் அடிப்பவருக்குச் சாக்குத்துணிதான்.

பிறகு அந்தப் பையனும் நான்கு நண்பர்களும் ஒரு கல்வி நிலையத்தின் ஆண்டு விழாவில் பறை அடிக்க அனுமதி கேட்டார்கள். "நல்ல காரியத்தில் அது எதுக்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவிலேயே மேடை போட்டோம். மேடை என்றால் நான்கு பெஞ்சுதான். பறை சரியாகக் காயவில்லை, சத்தம் மொத்தையாக வந்தது. தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா பொறுக்கமுடியாமல் வந்தார். வைக்கோலைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து மகனிடம் கொடுத்தார். "இப்ப அடிடா" என்றார். அவ்வளவுதான்.

புகழ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் 'எஞ்சாய் எஞ்சாமி'யைப் பாடிய தீ இருந்தார், அதை எழுதிப் பாடிய அறிவு இல்லை. கேள்வி எழுப்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. அட்டையில் இடம் தருவதும் மறுப்பதும் அடுத்தவர் கையில் இருக்கிறது. நான்கு பெஞ்சைச் சேர்த்துப் போடுவது நம் கையில்.

உங்கள் தெருவிலும் சாக்கில் சுற்றிய பறை ஒன்று இருக்கும். முதலில் அதை அடிப்பவரிடம் போய் உட்காருங்கள். அறிவுரை சொல்ல அல்ல, கற்றுக்கொள்ள.

ஜெய் பீம்!