கட்டுதலும் அவிழ்த்தலும்

1999ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவில் ஜெசி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் மாண்டார். கல்லீரல் நோய் ஒன்றுக்கான மரபணு மருத்துவ ஆய்வுக்குத் தாமே முன்வந்து உடலை ஒப்படைத்தவர் அவர். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் அவர் நோயை ஒருவாறு அடக்கியே வைத்திருந்தன. மரபணுவைச் சுமந்து சென்ற, வலுக்குறைத்த வைரஸ் கிருமியை எதிர்த்து உடல் கொண்ட சீற்றமே உயிரைக் குடித்தது.

வைரஸ் கிருமி உயிரணுவின் வாயில் திறக்கும் வழியறிந்த தூதன். ஆனால், அத்தூதனை உடலும் அறியும். கிருமியல்லாத வாகனத்தைத் தேடியோர் நாடியவற்றுள் ஒன்றே பெப்டைடு.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சில கோத்த குறுஞ்சரம். டி.என்.ஏ. இழை எதிர்மின்னேற்றம் உடையது; லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்னேற்றம் உடையவை. இவை மிகுந்த சரத்தை டி.என்.ஏ.வோடு நீரிற் கலந்தால், ஒன்றையொன்று பற்றி நுண்பொதிகளாகச் சுருங்கும். சரத்தில் நீரை வெறுக்கும் பகுதியும் இருப்பின், அது உள்ளே ஒதுங்கிப் பொதியை மேலும் இறுக்கும். கட்டுகின்ற கை எதுவும் அங்கில்லை.

பெப்டைடு தானே அமையும் இவ்வியல்பு ஒருவருக்கு எதிர்பாராமலே புலப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சுகுவாங் சாங் என்பார், இடப்புறம் முறுகிய டி.என்.ஏ.வைப் பற்றும் புரதம் ஒன்றை ஈஸ்ட்டில் கண்டார். அதன் பெயர் 'சுவோட்டின்'; இடப்பக்கத்தைக் குறிக்கும் 'சுவோ' என்னும் சீனச் சொல்லில் பிறந்தது. (கலைச்சொல்லுக்கு அஞ்சும் நம் மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.) அப்புரதத்தில் இருந்த, 16 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கைச் செய்து உப்பு நீரில் இட்டபோது, பாலில் ஆடை படிவதுபோல் கண்ணுக்குத் தெரியும் மெல்லேடாகத் திரண்டது. 1993இல் அச்செய்தி வெளியாயிற்று.

கட்டுவது எளிது, அவிழ்ப்பதே அரிது. உயிரணு அப்பொதியை ஒரு சிறு பையிலிட்டு விழுங்கும். பையினுள் புளிப்பு ஏறும். வெளியேறாவிடில் பொதி அங்கேயே சிதையும். ஆகவே ஹிஸ்டிடினைச் சேர்க்கிறார்கள். புளிப்பில் அது நேர்மின்னேற்றம் பெற்றுப் பையைக் குலைக்க உதவும். அடுத்து, உட்கரு. பிடி தளர்ந்தால் டி.என்.ஏ. வழியிலேயே நொதிகளுக்கு இரையாகும். பிடி விடாவிடில் உட்கருவை அடைந்தும் மரபணு படிக்கப்படாது. லைசினைக் கூட்டினால் பிடி இறுகும். உயிரணுவின் சவ்வும் புண்படும்.

கந்தகப் பிணைப்பால் பொதியைப் பூட்டுவதும் உண்டு. வெளியே அப்பூட்டு நிற்கும். உயிரணுவினுள் மிகுந்துள்ள குளூட்டாதயோன் அதனை அறுக்கும். இத்தனை செய்தும், உட்கருவரை மரபணுவைக் கொண்டு சேர்ப்பதில் வைரஸ் கிருமியின் திறனைப் பெப்டைடு வாகனம் இன்னும் எட்டவில்லை.